ஆளைப் பார்ப்பதா, பேச்சைப் பார்ப்பதா? மூன்று வழிகளும் அவற்றின் விலையும்

இரண்டு வாசகர்கள் ஏறக்குறைய ஒரே கேள்வியை வேறு வேறு ஊரிலிருந்து கேட்டிருக்கிறார்கள்.

ஒருவர் கல்லூரி ஆசிரியர். வகுப்பில் இடஒதுக்கீடு பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. "பொருளாதார அளவுகோல் மட்டும் போதாதா?" என்று ஒரு மாணவன் கேட்க, "நீ யாருன்னு தெரியும்டா, நீ வேற எப்படிப் பேசுவ?" என்று இன்னொருவன் மடக்கியிருக்கிறான். "நான் யாருங்கறத விடு, கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்றிருக்கிறான் முதலாமவன். "இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது, மணி அடித்ததும் தப்பித்தேன் என்று வெளியே வந்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறார்.

இன்னொருவர் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். வீட்டு வேலைக்கு வருபவர்கள் எந்த லிஃப்ட்டில் ஏறலாம் என்று கூட்டத்தில் விவாதம். "அவங்களே இதைப் பெரிசா எடுத்துக்கறதில்ல" என்றாராம் ஒருவர். "அவங்க" யாரும் அந்தக் கூட்டத்தில் இல்லை.

423-ஆம் குறளைச் சொல்லிவிட்டு இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். யார் வாயில் கேட்டாலும் மெய்ப்பொருளைப் பார் என்று அது சொல்கிறது. ஆனால் அதே வள்ளுவர்தான் 'தெரிந்து தெளிதல்' என்று ஒரு முழு அதிகாரம் எழுதி, ஆளைச் சோதித்துப் பார்த்த பிறகே நம்பு என்கிறார். இரண்டையும் அவர் ஒரே விஷயத்துக்குச் சொல்லவில்லை என்பதுதான் இங்கே முக்கியம்.

எதை வைத்து எடை போடுவது

வழிகளைப் பார்க்கும் முன் நான்கு கேள்விகளை வைத்துக்கொள்வோம். தப்பான வாதத்தை இந்த வழி கண்டுபிடிக்குமா? அறையில் இருப்பவர்களுக்குத் தெரியாத உண்மையை உள்ளே கொண்டுவருமா? வாய்ச்சாலக்காரர் ஒருவர் இதை எளிதாக ஏமாற்ற முடியுமா? கடைசியாக, இதன் செலவு யார் தலையில் விழுகிறது? நான்காவதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதனால் அதற்கு நான் கொஞ்சம் கூடுதல் எடை கொடுத்திருக்கிறேன்.

வழி 1: பேச்சை மட்டும் பார்ப்பது

பல்கலைக்கழகத் தேர்வில் விடைத்தாளின் பதிவெண்ணை மறைத்து டம்மி நம்பர் போட்டுத் திருத்தக் கொடுப்பார்கள். எழுதியது யார், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று திருத்துகிறவருக்குத் தெரியாது. இந்த வழியின் மிகச் சுத்தமான வடிவம் அதுதான். அது யாரைக் காப்பாற்றுகிறது என்றும் பாருங்கள். பெயரைப் பார்த்ததும் மதிப்பெண் குறையக்கூடிய பிள்ளையைத்தான்.

ஆளைப் பார்த்துப் பேச்சைத் தள்ளுவது அடையாள அரசியல் கொண்டுவந்த புது நோய் என்று பலர் எழுதுகிறார்கள். அது ரொம்பப் பழைய பழக்கம். 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராத்திய அரசவையில் முத்துப்பழனி என்ற தெலுங்குக் கவிஞர் இருந்தார். கணிகையர் மரபில் வந்தவர். அவருடைய 'ராதிகா சாந்த்வனமு' காவியத்தைச் சமூகச் சீர்திருத்தவாதியான கந்துகூரி வீரேசலிங்கம், எழுதியவள் எப்படிப்பட்டவள் என்பதையே முன்வைத்து இகழ்ந்தார். 1910-ல் தேவதாசி மரபில் வந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் அதை முழுமையாகப் பதிப்பித்து ஒரு பதில் சொன்னார். ஆண் புலவர்கள் எழுதியதில் இதைவிடப் பச்சையான இடங்கள் இருக்கின்றன, அவற்றை வீரேசலிங்கம் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தபோது வராத கூச்சம் இப்போது மட்டும் ஏன் வருகிறது என்பது அதன் சாரம். அந்தக் கேள்வி நிற்பதற்கு நாகரத்தினம்மாள் யார் என்பது தேவையே இல்லை. யார் கேட்டாலும் அது குத்தும். (அரசு அதைப் பொருட்படுத்தவில்லை. 1911-ல் புத்தகத்துக்குத் தடை வந்தது, சுதந்திரத்தை ஒட்டித்தான் நீங்கியது.)

இந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் செண்பகம் துரைராஜன் வழக்கைச் சொல்லலாம். அன்றைய சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் இடங்களை வகுப்புவாரி அரசாணைப்படி பிரித்தார்கள். ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ-இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. பிராமணர் என்பதால் மருத்துவக் கல்லூரியில் தனக்கு இடம் கிடைக்காது என்று செண்பகம் வழக்குத் தொடுத்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டதாகவே மனுவில் இல்லை. உச்ச நீதிமன்றம் இதைத் தன் தீர்ப்பிலேயே குறித்துவிட்டு, அப்புறமும் வாதத்தை எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரலில் அரசாணை அரசியல் சட்டப்படி செல்லாது என்றது.

"விண்ணப்பமே போடாதவள் என்ன பேச்சு" என்று கூச்சல் போட்டு இதை எதிர்கொண்டிருக்கலாம். கடைசியில் வேலை செய்தது அதுவல்ல. அரசியல் சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்றால் சட்டத்தை மாற்றுவோம் என்று, வீதிப் போராட்டங்களுக்குப் பிறகு, அதே ஆண்டு ஜூனில் முதல் திருத்தம் வந்தது. பிற்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசை அனுமதிக்கும் 15(4) என்ற பிரிவு அப்படிப் பிறந்ததுதான். வாதத்துக்கு வாதம் என்ற அளவில் இதைவிட நேர்மையான பதில் இருக்க முடியாது.

இனி மறைந்திருக்கும் செலவு. இந்த வழி, மேசைக்கு வந்த தாளை மட்டும்தான் திருத்தும். வராத தாளைத் தேடாது. லிஃப்ட் விவாதத்தில் நீங்கள் எவ்வளவு நடுநிலையோடு வாதங்களை எடை போட்டாலும், மூட்டு வலியோடு ஐந்து மாடி ஏறும் அம்மாவின் கணக்கு அந்தத் தராசில் ஏறவே ஏறாது. இன்னொன்று, கோர்வையாகப் பேசத் தெரிந்தவருக்கு இங்கே பத்து மதிப்பெண் இனாம். மூன்றாவது செலவு கண்ணுக்கே தெரியாது: தனக்கு எந்த நஷ்டமும் இல்லாதவர் "சும்மா ஒரு கேள்வி" என்று எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று தன் மனிதத் தகுதியை நிரூபிக்க வேண்டியவர் மட்டும் களைத்துப்போகிறார்.

எங்கே இதை எடுக்கலாம்? தேர்வு, வேலைக்கான எழுத்துத் தாள், கணக்குத் தணிக்கை, சட்டத்தின் பொருள் பற்றிய சண்டை. சுருக்கமாகச் சொன்னால், தேவையான தகவல் எல்லாம் ஏற்கெனவே மேசைமேல் இருக்கும் இடங்களில்.

வழி 2: ஆளுக்கு முதல் இடம்

பாதிக்கப்பட்டவர் பேசட்டும், மற்றவர் கேட்கட்டும் என்பது இந்த வழி. இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் நம் சட்டங்களே இதைப் பல இடங்களில் ஏற்றிருக்கின்றன. 2013-ன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழுவுக்கு ஒரு பெண்தான் தலைமை, உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு என்றது 73-ஆவது திருத்தம். தமிழ்நாடு 2016-ல் அதைப் பாதியாக உயர்த்தியது.

இதன் பலம் இரண்டாவது அளவுகோலில் இருக்கிறது. கையால் மலம் அள்ளும் வழக்கத்தை 1993-லேயே சட்டம் தடை செய்தது. அதன் பிறகும் "எங்கள் மாநிலத்தில் அப்படி யாரும் இல்லை" என்று அரசுகள் பிரமாணப் பத்திரம் போட்டுக்கொண்டிருந்தன. கோலார் தங்கவயலில் அந்த வேலை செய்த குடும்பத்தில் பிறந்த பெஜவாடா வில்சன் முன்னின்று நடத்திய சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற துப்புரவுப் பணியாளர் இயக்கம் 2003-ல் உச்ச நீதிமன்றம் போனது. இல்லை என்று சொன்ன இடங்களிலிருந்தே ஆதாரங்களைத் திரட்டிக்கொண்டு போனது. 2014 மார்ச்சில் தீர்ப்பு வந்தது: 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய். 2023-ல் அது 30 லட்சமானது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு "இல்லை" என்று தெரிந்த ஒன்று, உள்ளே இருந்தவர்களுக்கு மட்டுமே "இருக்கிறது" என்று தெரிந்தது. அதே சமயம், "நாங்கள் சொல்கிறோம், நம்புங்கள்" என்று அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

இந்த வழி எங்கே முறியும்? ஒரே சமூகத்தைச் சேர்ந்த இரண்டு பேர் நேர் எதிராகப் பேசும்போது. நம் ஊரில் இதற்கு இரண்டு பெரிய உதாரணங்கள் உண்டு.

தேவதாசி ஒழிப்பு ஒன்று. சென்னைச் சட்டமன்றத்தில் அதை முன்னெடுத்த முத்துலட்சுமி ரெட்டி, தாய்வழியில் அந்தச் சமூகத்தோடு தொடர்புள்ளவர். அந்தச் சூழலிலேயே வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் ஒழிப்பை ஆதரித்துப் பேசினார். எதிர்த்து மனுப் போட்டவர்களும் தேவதாசிகளே, மேலே பார்த்த நாகரத்தினம்மாள் உட்பட. எங்களையும் விலைமாதரையும் ஒன்றாக்காதீர்கள், எங்கள் கலையையும் சொத்துரிமையையும் பறிக்காதீர்கள் என்றார்கள். சட்டம் 1947-ல்தான் முழுமையாக வந்தது. "பாதிக்கப்பட்ட பெண்கள் சொல்வதைக் கேள்" என்ற விதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 1927-ல் நீங்கள் எந்தப் பக்கம் வாக்களித்திருப்பீர்கள்?

இன்னொன்று தனித்தொகுதி, அதாவது தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதியைத் தாழ்த்தப்பட்டோர் மட்டும் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது. பிரிட்டிஷ் அரசு லண்டனில் கூட்டிய வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் தாழ்த்தப்பட்டோர் சார்பில் போய் அதைக் கேட்டார்கள். 1931-ல் இரண்டாம் மாநாட்டுக்குக் காங்கிரசின் ஒரே பிரதிநிதியாக வந்த காந்தி, தீண்டப்படாதோருக்கும் நானே பிரதிநிதி என்றார். 1932-ன் தொடக்கத்தில் சென்னையின் எம்.சி. ராஜா, இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்துகொண்டு கூட்டுத் தொகுதி போதும் என்றார். ராஜாவும் சீனிவாசனும் ஒரே மாகாணம், ஒரே சமூகம், இரண்டு பேரும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள். இதில் யார் "உண்மையான குரல்"? அந்த மக்கள் வாக்குப் போட்டு இவர்களில் யாரையும் அனுப்பவில்லை. அம்பேத்கரையும் சீனிவாசனையும் அழைத்தது அரசு. ராஜா மத்திய சட்டமன்றத்தில் நியமன உறுப்பினர். காந்தியை அனுப்பியது காங்கிரஸ்.

ஆளை விட்டுவிட்டு வாதத்துக்கு வந்தால் விஷயம் தெளிகிறது. எல்லாரும் சேர்ந்து வாக்களிக்கும் தொகுதியில் ஜெயிக்கிறவர் பெரும்பான்மைக்குப் பிடித்தவராகத்தான் இருப்பார் என்பது அம்பேத்கர் தரப்பின் கணக்கு. அதைச் சொன்னது யாராக இருந்தாலும் அந்தக் கணக்குக்குப் பதில் வேண்டும். 1932 செப்டம்பர் 24-ன் பூனா ஒப்பந்தம் ஒரு பதிலைத் தேடியது. முதலில் தாழ்த்தப்பட்ட வாக்காளர் மட்டும் நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், பிறகு அந்த நால்வரில் ஒருவரை எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். மாகாணங்களுக்கு மொத்தம் 148 இடம், சென்னைக்கு 30. அது போதுமான பதிலா என்று இன்றும் சண்டை நடக்கிறது. எனக்குப் போதுமானதாகப் படவில்லை, இறுதிச் சுற்றில் அதே பழைய கணக்குத்தானே திரும்ப வருகிறது.

மறைந்த செலவுகளில் மிகப் பெரியது, யார் அசல் யார் போலி என்று சான்றிதழ் கொடுக்கும் அதிகாரம் யாரோ ஒருவர் கைக்குப் போய்விடுவது. கருத்து மாறுபட்டால் "விலைபோனவன்" என்ற முத்திரை. அடுத்தது, நாற்காலி ஒருவருக்கும் பேச்சு இன்னொருவருக்கும் ஆவது. ஊராட்சித் தலைவி கையெழுத்துப் போட, பக்கத்தில் உட்கார்ந்து "தலைவரோட வீட்டுக்காரர்" பேசுவதை நாம் பார்க்காத ஊரா?

எங்கே இதை எடுக்கலாம்? வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத விஷயத்தில், இதுவரை யாரும் அவர்களைக் கேட்டதே இல்லை என்ற நிலையில், முடிவு எடுப்பதற்கு முந்தைய கட்டத்தில்.

வழி 3: பேச்சைப் பிரித்துப் பார்ப்பது

எட்டு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் எனக்கு இது நீதிமன்றக் கூடமாகத்தான் மனதில் வருகிறது. அங்கே மூன்று விதமான பேச்சு உண்டு. மூன்றுக்கும் மூன்று விதி.

ஒன்று சாட்சி. கூண்டில் ஏறுகிறவரை விட்டுவைக்க மாட்டார்கள். எங்கே நின்றீர்கள், எத்தனை அடி தூரம், வெளிச்சம் இருந்ததா, எதிரிக்கும் உங்களுக்கும் முன்விரோதம் உண்டா? "நான் பார்த்தேன்" என்ற பேச்சின் எடை முழுக்க ஆளின்மேல் நிற்பதால் ஆளைக் கேட்டே ஆகவேண்டும்.

இரண்டு வாதம். கறுப்புக் கோட்டுப் போட்டவர் எந்தத் தெரு, என்ன சாதி என்று தீர்ப்பில் வராது. அவர் சொன்ன சட்டப் பிரிவு பொருந்துமா என்பதுதான் வரும். பேசியவரின் பெயரை நீக்கிவிட்டுப் படித்தாலும் நிற்கிற பேச்சு இது.

மூன்றாவது வக்காலத்து. "என் கட்சிக்காரர் சார்பாக" என்று வாயைத் திறக்க வேண்டுமென்றால் அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த அதிகாரப் பத்திரம், அதாவது வக்காலத்து, வழக்குக் கட்டில் இருக்க வேண்டும். எவ்வளவு பெரிய வக்கீலாக இருந்தாலும் அது இல்லாமல் நடக்காது. அடையாள அரசியல் சண்டைகளில் முக்கால்வாசி இந்த மூன்றாவதில்தான் நடக்கிறது, ஆனால் முதல் இரண்டின் பெயரில் நடக்கிறது. "நாங்க எல்லாரும் இதைத்தான் நெனைக்கிறோம்" என்பது சாட்சியும் இல்லை, வாதமும் இல்லை. உன்னிடம் வக்காலத்து இருக்கிறதா என்று மட்டும் கேட்க வேண்டிய பேச்சு.

இந்த வழிக்கும் செலவு இருக்கிறது. நேரம் பிடிக்கும், ஒரே வாக்கியத்தில் மூன்றும் கலந்து வரும், பொறுமையான ஒருவர் நடுவில் உட்கார வேண்டும். இதையெல்லாம் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாத ஒன்று உண்டு. எந்தப் பேச்சை எந்தப் பெட்டியில் போடுவது என்று தீர்மானிப்பவர் பெரும்பாலும் ஏற்கெனவே மேடையில் இருப்பவர். அவர் கை பழக்கதோஷத்தில் ஒடுக்கப்பட்டவர் சொல்வது அத்தனையையும் சாட்சிப் பெட்டியில் போட்டுவிடும். "நீங்க அனுபவத்தச் சொல்லுங்க, ஆராய்ச்சிய நாங்க பாத்துக்கறோம்."

லாகூரின் சாதி ஒழிப்பு அமைப்பான ஜாத்-பாத் தோடக் மண்டல், 1936-ல் நடக்கவிருந்த தன் மாநாட்டின் தலைமைக்கு அம்பேத்கரை அழைத்தது. உரையை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிட்டுச் சில பகுதிகளை மாற்றச் சொன்னது. அவர் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மறுத்தார், மாநாடே ரத்தானது, உரையைச் சொந்தச் செலவில் அச்சிட்டார். அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டார், அவர் வாதம் தேவைப்படவில்லை. அவமதிப்பு எப்போதும் வெளியே தள்ளுவதாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. மாலை போட்டு உட்காரவைத்தும் செய்யலாம்.

பக்கம் பக்கமாக வைத்தால்

| | பேச்சை மட்டும் | ஆளுக்கு முதல் இடம் | பிரித்துப் பார்ப்பது |
|---|---|---|---|
| தப்பான வாதத்தைப் பிடிக்குமா | நன்றாக | அரிதாக | பிடிக்கும், வாதம் என்று அடையாளம் கண்டால் |
| தெரியாத உண்மை வருமா | வந்தால் உண்டு | நன்றாக வரும் | சாட்சியைத் தேடிப் போனால் வரும் |
| ஏமாற்றுவது யாருக்கு எளிது | சொல்வன்மை உள்ளவருக்கு | தானே பிரதிநிதி என்பவருக்கு | பெட்டி பிரிப்பவருக்கு |
| செலவு யார் தலையில் | திரும்பத் திரும்பப் பதில் சொல்பவர் | உள்ளுக்குள் மாறுபடுபவர் | நடுவில் இருப்பவர் |
| பொருந்தும் இடம் | தேர்வு, தணிக்கை, சட்ட விளக்கம் | விசாரணையின் முதல் கட்டம் | வகுப்பு, சங்கம், பொதுக் கூட்டம் |

உங்கள் இரண்டு பேருக்கும்

சங்கச் செயலாளருக்குச் சொல்வது சுலபம். "அவங்களே பெரிசா எடுத்துக்கறதில்ல" என்பது வக்காலத்து இல்லாத பேச்சு. குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள். வேலைக்கு வருபவர்களை, முதலாளி வீட்டார் பக்கத்தில் இல்லாத நேரத்தில், நான்கைந்து பேராகக் கேளுங்கள். இங்கே முதலில் இரண்டாம் வழி. அவர்கள் சொன்னது கையில் வந்த பிறகு, லிஃப்ட்டைப் பிரிப்பதற்கு என்ன காரணம் சொல்கிறார்களோ அந்தக் காரணத்தை முதல் வழியில் எடை போடுங்கள். சுத்தம் என்பார்கள். அப்படியானால் ஜிம்முக்குப் போய் வியர்வையோடு வரும் குடியிருப்பாளர் எந்த லிஃப்ட்டில் ஏறுகிறார் என்று கேட்டால் போதும்.

ஆசிரியருக்கு: அந்த மாணவன் கேட்டது வாதம். அதற்கு வாதத்தால் பதில் உண்டு. வறுமைக்குச் சம்பளச் சான்றிதழ் போதும், ஒதுக்கப்படுவதற்கு வறுமை தேவையில்லை, நல்ல சம்பளக்காரருக்கும் சாதியைக் கேட்டு வீடு மறுக்கிறார்கள். அது முழுப் பதில் அல்ல. மண்டல் வழக்கில் 1992-ல் உச்ச நீதிமன்றமே பிற்பட்டோரில் வசதி வந்தவர்களைப் பிரித்து 'கிரீமி லேயர்' என்று விலக்கியது, எனவே பொருளாதாரத்துக்கு அங்கே இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டாவது மாணவன் கோபத்தில் சொன்னதற்குள்ளும் ஒரு சாட்சி ஒளிந்திருக்கலாம். "நீ வேற எப்படிப் பேசுவ" என்பதை, "நீ பார்க்காத ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்" என்று அவன் மாற்றிச் சொல்ல நீங்கள் இடம் கொடுத்தீர்களா? வகுப்பு நடுவில் சாதியை வெளிப்படுத்தித்தான் அதைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் இருக்க, துண்டுச் சீட்டில் பெயர் போடாமல் எழுதச் சொல்லலாம். அதுவும் ஒரு டம்மி நம்பர்தான்.

எங்கள் மாதாந்திர வாசிப்புக் கூட்டத்தில் கரும்பலகையில் சாட்சி, வாதம், வக்காலத்து என்று மூன்று பத்தியாகக் கோடு கிழித்து வைத்துத்தான் பேசுகிறோம். போன வருடம் ஒரு கூட்டத்தில், துப்புரவுப் பணியில் இருக்கும் ஒரு பெண் பேசினார். அப்பாவைச் சாக்கடைக்குள் இறக்கிய நாளைச் சொன்னார். சாட்சி என்ற பத்தியில் எழுதினேன். பிறகு, ஒப்பந்தம் கைமாறிக் கைமாறிப் போவதால்தான் ஒரு சாவுக்கும் யாரும் பொறுப்பாவதில்லை, நிரந்தரப் பணியாளராக இருந்தால் மேலதிகாரி பெயர் காகிதத்தில் இருக்கும், ஆளை உள்ளே இறக்கிவிட அவர் யோசிப்பார் என்றார். கை தானாக அதே பத்தியில் எழுதப் போனது.

"சார், அது நான் பார்த்தது இல்ல. யோசிச்சது. அந்தப் பக்கம் எழுதுங்க."

அழித்து, வாதத்துக்கு மாற்றினேன். எழுதி முடிப்பதற்குள் பின்வரிசையில் ஒருவர் மறுத்துக் கை தூக்கிவிட்டார். நிரந்தரப் பணியாளர்கள் இருந்த காலத்திலும் சாவு நடக்கத்தானே செய்தது என்றார். அந்தப் பெண் நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.